எத்தனை பேரில் எத்தனை பேர்?

(சங்கத்தின் கல்வி வட்டத் தோழர்கள் தீவகத்துக்குச் சென்றிருந்தபோது, நாரந்தனையில் ஊர் மக்களோடு சேர்ந்து நடத்திய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



ஒடியற்கூழ் ஊற்றித் தந்த வீட்டில் சாவுக் கணக்குப் பேசுவது முறையா என்று எங்களோடு வந்த அக்கா ஒருவர் கேட்டார். செத்தவர்களைப் பற்றிக் கொஞ்சம்தான் பேசப் போகிறோம் அக்கா, இருக்கிறவர்களை எண்ணுவதைப் பற்றித்தான் கூடுதலாகப் பேசப் போகிறோம் என்று சொன்னோம். அவருக்கு அது விளங்கவில்லை. இந்தப் பேச்சு முடியும்போது விளங்கும் என்று நினைக்கிறோம்.

தோட்டத்தில் சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், அரைப்பேர், கைக்காசு, கொழுந்து நிறை என்றுதான் பேச்சுப் போகும். அந்தக் கணக்கில் எங்கள் ஆட்களை ஏமாற்றுவது கஷ்டம். தராசில் எத்தனை கிலோவைத் தண்ணீருக்கென்று கழித்தார்கள் என்பதைக் கையெழுத்துப் போடத் தெரியாத பாட்டியும் சரியாகச் சொல்லிவிடுவார். ஆனால், "உங்கள் டிவிசனில் போன வருடம் எத்தனை பேர் செத்தார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். விரல் மடக்கி ஒவ்வொரு பெயராகச் சொல்வார்கள். "அது கூடுதலா, குறைவா?" என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். கூட்டம் மௌனமாகிவிடும். ஏனென்றால் கூடுதலா குறைவா என்பதற்கான பதில் செத்தவர்களின் பெயர்களில் இல்லை.

பாடசாலையில் பின்னம் படிப்பிக்கும்போது மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று சொல்லிக் கொடுக்கிறோம். பிள்ளைகள் எப்போதும் மேலே இருக்கும் எண்ணைத்தான் பார்ப்பார்கள். பெரியவர்களும் அப்படித்தான். பத்திரிகையும் அப்படித்தான். "பத்துப் பேர் பலி" என்று தலைப்புப் போடும். எத்தனை பேரில் பத்து என்று போடாது. இருநூறு பேர் வாழும் டிவிசனில் பத்துச் சாவும், இரண்டாயிரம் பேர் வாழும் தோட்டத்தில் பத்துச் சாவும் ஒன்றல்ல. ஆயிரம் பேருக்கு இத்தனை என்று இரண்டையும் ஒரே படியில் அளந்தால் முதலாவது 50, இரண்டாவது 5. இதைத்தான் வீதம் என்கிறோம். மேலே செத்தவர்கள் அல்லது நோயுற்றவர்கள். கீழே அந்த ஆபத்துக்கு ஆளாகி வாழ்ந்த எல்லோரும். பக்கத்தில் காலம், அதாவது ஒரு வருடத்திலா, ஒரு மாதத்திலா என்பது. இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தக் கணக்கு எதற்கும் உதவாது.

இதைக் காட்டிக் கொடுத்த பழைய கதை ஒன்று உண்டு. 1854இல் லண்டன் நகரத்தில் வாந்திபேதி. ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர் குடிதண்ணீரில்தான் நோய் வருகிறது என்று சந்தேகப்பட்டார். தென்லண்டனில் இரண்டு கம்பனிகள் ஒரே தெருக்களில் தண்ணீர் விற்றன. ஒன்று நகரத்துச் சாக்கடை கலந்த இடத்தில் தேம்ஸ் ஆற்று நீரை எடுத்தது. மற்றது ஆற்றின் மேற்பக்கம் போய் எடுத்தது. ஸ்னோ வீடு வீடாக விசாரித்து, செத்தவர்கள் எந்தக் கம்பனித் தண்ணீர் குடித்தார்கள் என்று பிரித்தார். நோய் தொடங்கிய முதல் ஏழு வாரத்தில் முதல் கம்பனியின் வீடுகளில் 1,263 சாவு. மற்றக் கம்பனியின் வீடுகளில் 98. லண்டனின் மிச்சப் பகுதி முழுவதிலும் 1,422. மேலே உள்ள எண்ணை மட்டும் பார்த்தால் மிச்ச லண்டன்தான் மோசம் என்று சொல்லிவிடலாம். அவர் கீழே எத்தனை வீடுகள் என்பதையும் தேடிப் போட்டார். பத்தாயிரம் வீட்டுக்கு முதல் கம்பனியில் 315, மிச்ச லண்டனில் 59, மற்றக் கம்பனியில் 37. வாந்திபேதிக் கிருமியை அவர் கண்ணால் காணவேயில்லை. பகுதியெண்ணைத் தேடி எடுத்ததால் உண்மையைக் கண்டார்.

எங்கள் பகுதித் தோட்டமொன்றில் இதே மாதிரி ஒன்று நடந்தது. மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை. சங்கம் போய்க் கேட்டபோது நிர்வாகம் டிஸ்பென்சரிப் புத்தகத்தை விரித்து வைத்து, நூற்றுக்கு ஒன்றுகூட இல்லையே, ஏன் பயப்படுத்துகிறீர்கள் என்றது. புத்தகத்தில் எழுதியிருந்தது பொய்யில்லை. ஆனால் மேலே இருந்தவர்கள் டிஸ்பென்சரிக்கு நடந்து போன ஆட்கள் மட்டும். பிள்ளைகளை நாட்டு வைத்தியரிடம் கீழாநெல்லிக்குக் கொண்டு போனவர்கள் அதில் இல்லை. கீழே போட்டிருந்ததோ எல்லா டிவிசனும் சேர்ந்த முழுத் தோட்டத்தின் தொகை. எங்கள் மாதர் கமிட்டித் தோழியர் இருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொப்பியோடு லயம் லயமாகப் போனார்கள். ஒவ்வொரு காம்பிராவிலும் இரண்டே கேள்வி: எத்தனை பேர் இருக்கிறீர்கள், எத்தனை பேருக்குக் கண் மஞ்சளாகியது. மூன்றாவதாக, எந்தப் பீலித் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று ஒரு தோழியர் தானாகவே கேட்டிருக்கிறார். அந்த மூன்றாவது கேள்விக்காகவே அவரைக் கும்பிட வேண்டும். பின்னேரம் கூட்டிப் பார்த்தால், நோய் அநேகமாக முழுவதும் ஒரே பீலியை நம்பியிருந்த மூன்று லயத்தில். பக்கத்து லயங்களில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. அந்தக் கொப்பியைச் சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்துக்குக் கொண்டு போன பிறகுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மேலேறி வந்து நீரோட்டத்தைப் பார்த்தார். நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கோடு போயிருந்தால் யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே முதல் கேள்வி: கீழே யாரைப் போடுவது? தோட்ட நிர்வாகத்திடம் கேட்டால் செக்ரோலைத் தரும். செக்ரோலில் பெயர் உள்ளவர்கள் வேலை செய்கிறவர்கள். வேலை செய்யக்கூடிய உடம்பு உள்ளவர்கள். சேமலாப நிதியை எடுத்துக்கொண்டு நின்றுவிட்ட பாட்டன் பாட்டி அதில் இல்லை. பிள்ளைக்காம்பிராவில் இருக்கும் குழந்தை இல்லை. கொழும்பில் கடையில் நின்றுவிட்டு, காய்ச்சலோடு லயத்துக்குத் திரும்பி வந்து படுத்திருக்கும் பொடியன் இல்லை. சாவது பெரும்பாலும் இந்த மூன்று வகைதான். செக்ரோலைக் கீழே போட்டு, செக்ரோல் ஆட்களின் சாவை மட்டும் மேலே போட்டால் தேயிலைத் தோட்டம் உலகத்திலேயே ஆரோக்கியமான இடமாகத் தெரியும்.

அரசாங்கக் கணக்கிலும் வரைவிலக்கணம் ஒன்று இருக்கிறது. குடிசன மதிப்பீட்டில் தோட்டப்பகுதி என்றால் 20 ஏக்கருக்குக் குறையாத, பத்துக் குடியிருப்புத் தொழிலாளருக்குக் குறையாத தோட்டம். தோட்டம் துண்டுபட்டு விற்கப்பட்டால் அதே லயம், அதே கூரைத் தகரம், அதே பீலி; ஆனால் கணக்கில் அது கிராமம். அங்கே நடக்கும் சாவு கிராமத்துச் சாவு. இதை யாரும் சதி செய்து செய்ததாக நாங்கள் சொல்லவில்லை. கோடு எங்கே போடப்படுகிறது என்று நாமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறோம்.

எங்கள் மக்களின் சாவுக்கணக்குச் சண்டை புதிதல்ல. கோப்பிக் காலத்தில், இராமநாதபுரம் பக்கத்திலிருந்தும் திருச்சிப் பக்கத்திலிருந்தும் கடல் கடந்து, மன்னார்க் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்த கதை உங்களுக்குத் தெரியும். வழியில் பேதியும் காய்ச்சலும். 1849இல் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை, 1841 முதல் வந்தவர்களில் நாலில் ஒரு பங்கு, ஏறக்குறைய 70,000 பேர், மாண்டுபோனார்கள் என்று எழுதியது. செத்தவர்களைப் பெயர் பெயராக எண்ணி எடுத்த கணக்கல்ல அது, எண்ணியிருக்கவும் முடியாது. அக்காலத்தில் சாவுக்குப் பதிவேடு இல்லை. இந்த நாட்டில் பிறப்பு இறப்புப் பதிவுக்கான கட்டளைச்சட்டம் வந்ததே 1867இல்தான். வந்தவர்கள் இத்தனை, திரும்பியவர்கள் இத்தனை, மிச்சம் எங்கே என்று கேட்டால்தான் இப்படியொரு எண் வரும். இப்படிக் கேட்கும்போது இரண்டு பக்கமும் ஓட்டை உண்டு. கணக்கில் பிடிபடாமல் வேறு துறையால் ஊர் திரும்பியவனும் செத்தவனாகிவிடுவான். பதியப்படாமல் வந்து வழியில் செத்தவன் வந்தவனாகவே இருக்க மாட்டான். எழுபதினாயிரமா, கூடவா, குறையவா என்று வரலாற்றாசிரியர்கள் வாதிடட்டும். ஒரு பத்திரிகை நாலில் ஒன்று என்று கீழெண்ணோடு சேர்த்து எழுதியதால்தான் அந்தக் கேள்வி இன்றுவரை உயிரோடு இருக்கிறது என்பது எங்கள் எண்ணம்.

இனி நாரந்தனைக்கும் எங்களுக்கும் பொதுவான ஒன்றுக்கு வருகிறோம்.

நாரந்தனைப் பெரியவர் ஒருவருக்கு இரவில் நெஞ்சுவலி என்று வைத்துக்கொள்வோம். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறீர்கள். அங்கிருந்து பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புகிறார்கள். அங்கே உயிர் போகிறது. சாவு பதியப்படுவது உயிர் போன இடத்துப் பதிவாளரிடம். மஸ்கெலியாத் தோட்டமொன்றில் பிரசவ வலி கண்ட தாயை டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய், அங்கிருந்து கண்டிக்கு அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் பிழைக்காவிட்டால் பதிவேட்டில் அது கண்டிச் சாவு. இப்படியே ஊர் ஊராகப் போனால், புத்தகத்தை மட்டும் பார்க்கிறவருக்குக் கண்டி நகரமும் யாழ்ப்பாண நகரமும் கொள்ளைநோய் பிடித்த இடங்கள். நாரந்தனையும் மஸ்கெலியாவும் எமன் எட்டிப் பார்க்காத ஊர்கள். நடந்த இடத்தை வைத்து எண்ணுவது ஒன்று, வாழ்ந்த இடத்தை வைத்து எண்ணுவது இன்னொன்று. இரண்டும் தேவை. ஆனால் எங்கள் லயத்துத் தண்ணீரையும், உங்கள் தீவில் அம்புலன்ஸ் வர எடுக்கும் நேரத்தையும் பற்றிப் பேச வேண்டுமானால் இரண்டாவதுதான் தேவை.

தோட்டத்தில் நடக்கும் பிறப்பையும் இறப்பையும் அறிவிக்கும் கடமையைச் சட்டம் தோட்டத்துரையின் தலையில் வைத்தது. அதனால் தோட்டக் கணக்கு நெடுங்காலம் தனிப் பத்தியாக இருந்தது. அதில் ஒரு நன்மையும் இருந்தது. 1973, 74இல் மாவும் அரிசியும் இல்லாமல் நாடு தவித்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தோட்டத்தில் மரவள்ளிக் கிழங்கும் கீரையும்கூடக் கிடைக்காமல் சனம் செத்தது. அந்த வருடங்களில் நாட்டின் மரண வீதம் சற்றே ஏறியது. தோட்டத்தின் மரண வீதம் செங்குத்தாக ஏறியது. தனிப் பத்தி இருந்தபடியால்தான் அது தெரிந்தது. இல்லாவிட்டால் நாட்டுச் சராசரிக்குள் எங்கள் சாவு கரைந்து போயிருக்கும். சராசரி என்பது பெரிய குளம். அதில் ஒரு வாளி கண்ணீரை ஊற்றினால் யாருக்கும் உப்புக் கரிக்காது.

கீழெண்ணே காணாமல் போன கதை உங்களிடமும் உண்டு, எங்களிடமும் உண்டு. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். ஐந்தேகால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இங்கே, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்ப்போம் என்று பங்கு பிரித்தார்கள். 1971இல் இந்தியத் தமிழர் என்று எண்ணப்பட்டவர்கள் 11 இலட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேல். 1981இல் 8 இலட்சத்து 18 ஆயிரம். கப்பலேறியவர்கள் பலர், வன்னிக்குப் போய், பதிவில் இலங்கைத் தமிழராகியவர்கள் சிலர். நோயாளித் தகப்பனைக் கூட்டிக்கொண்டு கூனூருக்கும் கோத்தகிரிக்கும் போனவர்கள் அங்கே போய் அவரைப் புதைத்தார்கள். லயத்திலே பிடித்த நோய்; ஆனால் அந்தச் சாவு இந்த நாட்டுத் தொகுதியெண்ணில் வராது. அப்படிப் பார்த்தால், இத்தனை ஆயிரம் பேரை நாடு மாற்றிய பத்து வருடத்தின் தோட்ட மரண வீதத்தைக் கையில் எடுக்கும்போது விரலைச் சுட்டுக்கொள்ளாமல் எடுக்க வேண்டும்.

உங்கள் பக்கம் 1981க்குப் பிறகு ஒழுங்கான குடிசன மதிப்பீடே இல்லை. 1991இல் போர் காரணமாக நாட்டிலேயே எடுக்கவில்லை. 2001இல் 18 மாவட்டங்களில் மட்டும் முழுதாக எடுத்தார்கள். யாழ்ப்பாணம் அதில் இல்லை. பிறகு 2012இல்தான். முப்பத்தொரு வருடம். அதற்கிடையில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்தத் தீவுகளே இடம்பெயர்ந்தன. நாரந்தனை ஆட்கள் வலிகாமத்தில், வன்னியில், கொழும்பில், கனடாவில். இந்த ஊரின் மரண வீதம் அந்த வருடங்களில் என்ன என்று ஒருவர் கேட்டால், மேலே போடும் எண்ணுக்கு முன்னால் கீழே என்ன போடுவது? கதவு பூட்டிய வீடுகளையா?

கீழெண் வெறும் புத்தகக் கணக்கல்ல என்பதற்கு 2009ஐ நினைத்தால் போதும். வன்னிக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டபோது வருடத் தொடக்கத்தில் கொழும்பு சொன்ன எண் 70,000 அளவில். முடிவில் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் இரண்டரை இலட்சத்துக்கும் மேல். எத்தனை மூட்டை மா, எத்தனை பெட்டி மருந்து என்பது பகுதியெண்ணைப் பார்த்துத்தான் தீர்மானிக்கப்படும். இதற்கு மேல் நாங்கள் இந்த மேடையில் சொல்லத் தேவையில்லை. கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்குக் கூடத் தெரியும்.

சரி, மேலும் கீழும் சரியாக எண்ணிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். நாரந்தனையின் வீதத்தையும் எங்கள் தோட்டத்தின் வீதத்தையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடலாமா? கூடாது. இந்த ஊரில் காலையில் சுற்றி வந்தோம். பெரிய பெரிய கல்வீடு, உள்ளே இரண்டு முதியவர்கள். பிள்ளைகள் ரொறன்ரோவில், லண்டனில், சுவிசில். எங்கள் லயத்தில் பத்தடி காம்பிராவுக்குள் மூன்று தலைமுறை. இந்த வித்தியாசம் கணக்கை என்ன செய்யும் என்று ஒரு பயிற்சிக் கணக்குப் போடுவோம். எண்கள் கற்பனை, வழி உண்மையானது. கொப்பி வைத்திருப்பவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

தீவில் 10,000 பேர். 60 வயதுக்குக் கீழே 6,000, மேலே 4,000. தோட்டத்தில் 10,000 பேர். 60க்குக் கீழே 9,000, மேலே 1,000. தீவில் இளையவர்களில் ஆயிரத்துக்கு 2 பேரும் முதியவர்களில் ஆயிரத்துக்கு 40 பேரும் ஒரு வருடத்தில் சாகிறார்கள். 12ம் 160ம் சேர்ந்தால் 172 சாவு. தோட்டத்தில் இளையவர்களில் ஆயிரத்துக்கு 4, முதியவர்களில் ஆயிரத்துக்கு 60. 36ம் 60ம் சேர்ந்தால் 96 சாவு. மொத்த வீதம் தீவுக்கு ஆயிரத்துக்கு 17.2, தோட்டத்துக்கு 9.6. துரைமார் இதைப் பார்த்து, பாருங்கள், எங்கள் தோட்டம் தீவைவிட எவ்வளவு நல்லது என்று சொல்லலாம். ஆனால் திரும்பிப் பாருங்கள். இளையவர்களிலும் தோட்டத்தில்தான் இரண்டு மடங்கு சாவு. முதியவர்களிலும் தோட்டத்தில்தான் கூடுதல். இரண்டு வயதிலும் தோற்ற தோட்டம் மொத்தத்தில் வென்றது எப்படி? எங்களிடம் முதியவர்கள் குறைவு. ஏன் குறைவு என்பது இன்னொரு கேள்வி. முதுமை வரைக்கும் வாழ விடாத இடத்தில் முதியவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

இதைச் சரிசெய்ய வழி உண்டு. இரண்டு இடத்தையும் ஒரே வயதுக் கட்டமைப்பில் நிறுத்திப் பார்ப்பது. தீவின் 6,000 இளையவர்களும் 4,000 முதியவர்களும் தோட்டத்து வீதத்தில் செத்தால் எத்தனை? 24ம் 240ம், 264 சாவு. தீவில் நடந்தது 172. இப்போது ஒப்பிடுங்கள். கம்பனிக்காரர் எந்த அறிக்கையைக் கொண்டு வந்தாலும் இனி முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "வயது பிரித்தீர்களா?"

அடுத்தது நோய். சாவை எண்ணுவதைவிட நோயை எண்ணுவது கடினம். சாவு ஒருமுறைதான் வரும். இங்கே கிணற்றடியில் பேசுவதுபோல் சொல்கிறோம். தீவுக் கிணற்றில் நிற்கும் தண்ணீர் ஒன்று. ஊறும் தண்ணீர் ஒன்று. காலையில் எட்டிப் பார்த்துக் கிணற்றில் எவ்வளவு நிற்கிறது என்பது, இன்றைக்கு ஊரில் எத்தனை பேருக்கு நோய் இருக்கிறது என்ற கணக்கு. ஒரு நாளில் எவ்வளவு ஊறுகிறது என்பது, இந்த வருடத்தில் புதிதாக எத்தனை பேருக்கு நோய் வந்தது என்ற கணக்கு. இறைத்து ஊற்றுவது, குணமானவர்களும் செத்தவர்களும். நிற்கும் தண்ணீர் ஏறினால் ஊற்று கூடியது என்று உடனே முடிவு கட்டக்கூடாது. இறைப்பது குறைந்திருக்கலாம். நீரிழிவுக்காரருக்கு ஒழுங்காக மருந்து கிடைத்தால் அவர் இருபது வருடம் கூட வாழ்வார். ஊரில் நீரிழிவுக்காரரின் தொகை ஏறும். அது வைத்தியத்தின் வெற்றி. மறுபக்கம், காசநோய்க்காரர்கள் மருந்து கிடைக்காமல் சீக்கிரம் செத்தால் நிற்கும் கணக்கு இறங்கும். அந்த இறக்கத்தைப் பார்த்து யாரும் கை தட்டக்கூடாது.

நிற்கும் கணக்குக்கு ஒரு நல்ல உதாரணம், பாடசாலைக்காரர்களான எங்களுக்குப் பிடித்த உதாரணம். மலேரியாக் காலத்தில் இந்த நாட்டில் வைத்தியர்கள் பாடசாலைப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, இடது விலாவுக்குக் கீழே விரல் வைத்து மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்த்தார்கள். நூறு பிள்ளைகளில் இத்தனை பேருக்கு வீக்கம் என்பதை வைத்து எந்த மாவட்டத்தில் மலேரியா எவ்வளவு நிலைகொண்டிருக்கிறது என்று வரைந்தார்கள். இரத்தம் எடுக்கவில்லை, மெஷின் இல்லை. விரலும், கூப்பன் புத்தகம் போல ஒரு பெயர்ப்பட்டியலும். இன்று எங்கள் பிள்ளைகளுக்குச் சுவரில் அளவு ஒட்டி உயரம் பார்ப்பதும் அதே வகை. 2016இல் நாடு முழுவதும் எடுத்த குடும்ப சுகாதார ஆய்வில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாட்டில் 100க்கு 17. தோட்டத்தில் 100க்கு 32. இதில் மேலும் இருக்கிறது, கீழும் இருக்கிறது. சம்பளப் பேச்சுக்குப் போகும் தலைவர்கள் கொழுந்து விலையோடு இந்த எண்ணையும் மடியில் கட்டிக்கொண்டு போக வேண்டும்.

அந்த மண்ணீரல் கணக்குப் பின்னாளில் பெரிய விவாதமொன்றுக்கு உதவியது. 1934, 35இல் வந்த மலேரியாவில் ஏறக்குறைய 80,000 பேர் செத்ததாகச் சொல்வார்கள். செத்தவர்கள் எல்லோருடைய பதிவிலும் மலேரியா என்று இருக்காது. காய்ச்சல், வலிப்பு, மாந்தம் என்றிருக்கும். அதனால் இப்படியான காலத்தில் வழக்கமான வருடத்துச் சாவைக் கழித்து, மேலதிகச் சாவு எத்தனை என்றுதான் பார்க்க வேண்டும். 1935இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 குழந்தைகள் ஒரு வயது காணவில்லை. பிறகு 1946க்கும் 1947க்கும் இடையில், ஒரே வருடத்தில், நாட்டின் மரண வீதம் ஆயிரத்துக்கு 20.3இலிருந்து 14.3க்கு இறங்கியது. சிசு மரணம் 141இலிருந்து 101க்கு. உலகமே திரும்பிப் பார்த்தது. டிடிடி அடித்ததால் வந்த வெற்றி என்று ஒரு பக்கம் சொன்னது. மீகம போன்றவர்கள் மறுத்தார்கள்: மலேரியா அதிகமில்லாத மாவட்டங்களிலும் சாவு இறங்கியிருக்கிறதே, போருக்குப் பிந்திய உணவும் ஆஸ்பத்திரிகளும் மருத்துவிச்சிகளும் எங்கே போனார்கள் என்று கேட்டார்கள். மண்ணீரல் வீக்கம் கூடிய மாவட்டம், குறைந்த மாவட்டம் என்று பிரித்துப் பார்த்துத்தான் இரண்டு பக்கமும் வாதாடியது. மருந்துக்கும் பங்கு உண்டு, சோற்றுக்கும் பங்கு உண்டு என்பது எங்கள் அபிப்பிராயம். ஆனால் மருந்துக் குழாயை மட்டும் பார்க்கிறவர்கள் ஒரு பாடம் படித்தார்கள். 1963இல் நாடு முழுவதும் கண்டுபிடிக்கப்பட்ட மலேரியா நோயாளர் 17 பேர். வேலை முடிந்தது என்று கவனம் தளர்ந்தது. 1969இல் ஐந்து இலட்சத்துக்கும் மேல். 2016இல்தான் மலேரியா இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. ஊற்று நின்றுவிட்டது என்று நினைத்துக் கிணற்றை எட்டிப் பார்க்காமல் விட்டதன் விலை அது.

இனிக் கொப்பிக்கு வருவோம். சங்கம் டிவிசனுக்கு ஒரு கொப்பி கொடுக்கிறது. பொறுப்பு மாதர் கமிட்டிக்கு. ஆண்கள் கோபிக்க வேண்டாம். எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

முதல் பக்கங்கள் இருக்கிறவர்களுக்கு. லயம் லயமாக, வீடு வீடாக, எத்தனை பேர், ஆணா பெண்ணா, வயது என்ன. பிறந்த திகதி தெரியாத பாட்டியிடம் வருடம் கேட்காதீர்கள். சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் நடந்தபோது கொழுந்தெடுத்தீர்களா, பிள்ளைக்காம்பிராவில் இருந்தீர்களா என்று கேளுங்கள். ஆறு மாதம் கொழும்பில், ஆறு மாதம் வீட்டில் இருக்கும் பொடியனை அரை ஆள் என்று போடுங்கள். அரைப்பேர் போடுவதில் எங்களுக்குப் பழக்கம் உண்டு, இது ஒன்றுதான் நியாயமான அரைப்பேர். வருடத்துக்கு இரண்டு முறை எண்ணினால் போதும்: தைப்பொங்கல் முடிந்து ஒன்று, ஜூலை முதலாம் வாரம் ஒன்று.

பின்பக்கங்கள் சாவுக்கு. திகதி, வயது, ஆண் பெண், எந்த லயத்தில் வாழ்ந்தார், எங்கே உயிர் போனது, எத்தனை நாள் நோய், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக எத்தனை மணித்தியாலம், எந்தத் தண்ணீர். குழந்தை பிறந்து ஒரு மூச்சு விட்டிருந்தாலும், நாடி துடித்திருந்தாலும், அது உயிரோடு பிறந்த பிள்ளை; செத்துப் பிறந்ததென்று எழுத விடாதீர்கள். அந்த ஒரு சொல்லில் சிசு மரண வீதமே மாறும். நஞ்சு குடித்துப் போனவர்கள் இருந்தால் அதையும் எழுத வேண்டும், ஆனால் பெயர் கமிட்டிப் பெண்களோடு நிற்க வேண்டும். சங்க அலுவலகத்துக்கு எண்கள் மட்டும் வந்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. நானூறு பேர் உள்ள டிவிசனில் ஒரு வருடம் 2 சாவு, மறு வருடம் 4 சாவு என்றால், வீதம் இரட்டித்துவிட்டது என்று பதாகை எழுதாதீர்கள். சிறிய ஊரில் ஒரு பஸ் விபத்து கணக்கைப் புரட்டிவிடும். மூன்று வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள், பக்கத்து டிவிசன்களைச் சேர்த்துப் பாருங்கள். அப்போதும் ஏறியே நின்றால், அப்போது துரையிடம் போவோம்.

தீவுக்காரர்கள் தங்களுக்கும் கொப்பி வேண்டும் என்று மத்தியானம் கேட்டார்கள். நாரந்தனை வடக்குக்கு ஒன்று, தெற்குக்கு ஒன்று கொண்டு வந்திருக்கிறோம். உங்கள் கொப்பியில் ஒரு பத்தி கூட்டியிருக்கிறோம்: யாழ்ப்பாணத்துக்கு மாற்றினார்களா, வாகனம் எப்போது கிடைத்தது. விதானையாரிடமும் குடும்பநல உத்தியோகத்தரிடமும் பட்டியல் இருக்கும், கேட்டு ஒத்துப் பாருங்கள். ஒத்துப் போகாத இடத்தில் சிவப்புப் பேனையால் வட்டம் போடுங்கள். தோட்டக் கொப்பியும் தீவுக் கொப்பியும் அடுத்த தை கழிந்து அட்டனில் ஒரே மேசையில் விரிக்கப்படும். வயது பிரித்துத்தான் ஒப்பிடுவோம். வாசலில் மேசை போட்டிருக்கிறது, தேத்தண்ணியும் அங்கேதான். கொப்பியை வாங்குகிறவர்கள் பெயரையும் டிவிசனையும் எழுதிக் கொடுத்துவிட்டு வாங்குங்கள்.